நீர்ப்பாதையில் நிற்கும் காற்று



ஊவா மாகாணத்திலே, பண்டாரவளைக்கும் பதுளைக்கும் செல்வோர் அறிந்த எல்ல என்னும் சிற்றூர் உண்டு. சிங்கள மொழியில் எல்ல என்னுஞ் சொல்லுக்கு நீர்வீழ்ச்சி என்பது பொருள். அப்பெயருக்கு இணங்க, ஊருக்குக் கீழே வெல்லவாய வீதியின் ஓரத்தில் இராவணா எல்ல என்னும் அருவி கரும்பாறைகளின் மீது வீழ்ந்துகொண்டிருக்கிறது. அருவியைக் காண வருவோர் சில வேளைகளில் வேறொரு காட்சியையும் காண்பதுண்டு. பழைய மோட்டார்க் கார் ஒன்று வீதியோரத்தில் பொனட்டைத் திறந்தபடி நிற்கும். முன்புறத்திலிருந்து ஆவி சீறிக்கொண்டிருக்கும். சாரதி ஒரு தகர வாளியுடன் அருவியை நோக்கி ஓடுவார்.

வெல்லவாய கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 200 மீற்றர் உயரத்தில் உள்ளது. எல்ல 1,041 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஏறத்தாழ 27 கிலோமீற்றர் தூரத்தில் இத்தனை உயரத்தை ஏறவேண்டும். புதிய வண்டிகளுக்கு அது பெரிய காரியமன்று. ஆனால் 50, 60 ஆண்டுகளுக்கு முன் வார்க்கப்பட்ட ஓர் எஞ்சினுக்கு அது சோதனைதான். கொதித்து நின்ற வண்டியைப் பார்த்து, "தண்ணீர் ஊற்றவில்லை போலும்" என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். பல வேளைகளில் அது உண்மை. ஆனால், தண்ணீர் வாய்வரை நிரம்பியிருந்தும் கொதித்த வண்டிகள் உண்டு. அவற்றைக் கொதிக்க வைத்தது நீரின் பாதையில் புகுந்து நின்ற காற்று. அந்தக் காற்றைப் பற்றியும், அதை வெளியேற்றும் முறையைப் பற்றியுமே இன்று உங்களுடன் பேச எண்ணுகிறேன்.

பழைய கார்களைப் பற்றி இப்போது ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நமது நாட்டில் பழைய கார்கள் வெறுங் காட்சிப் பொருள்களாக இருந்ததில்லை. 1960களின் தொடக்கத்தில், அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் வாகன இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977ஆம் ஆண்டில் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரையில், ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்த மொறிஸ் மைனர், ஒஸ்டின், ஹில்மன், பேஜோ முதலிய வண்டிகளையே மக்கள் திரும்பத் திரும்பப் பழுதுபார்த்து ஓட்டினார்கள். 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டிலேதான் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பலருடைய கொட்டகைகளில் உறங்கிக் கிடந்த கார்கள் மறுபடியும் வீதிக்கு வந்தன. வண்டி வந்தது, ஆனால் அதனோடு வாழ்ந்த பழைய சாரதிகளின் பழக்கங்கள் பல வரவில்லை. காற்றை வெளியேற்றி நீர் நிரப்பும் பழக்கம் அவற்றுள் ஒன்று.

முதலில், எஞ்சினுக்கு நீர் எதற்கு என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். சிலிண்டருக்குள்ளே பெற்றோல் எரியும் கணத்தில் வெப்பம் 2,000 பாகை செல்சியசையும் தாண்டுகிறது. அந்த வெப்பத்தில் ஒரு பகுதியே சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மற்றுமொரு மூன்றில் ஒரு பங்கைச் சிலிண்டரைச் சூழ்ந்து நிற்கும் நீர் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிய வெப்பத்தை ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலே காற்றுக்குக் கொடுத்துவிட்டு, குளிர்ந்து மீண்டும் எஞ்சினுக்குள் வரவேண்டும். இந்தச் சுற்று ஒரு கணமும் அறாமல் நடந்தாக வேண்டும்.

ஆரம்ப காலத்தில் இதற்குப் பம்பே இருக்கவில்லை. சூடேறிய நீர் இலேசாகி மேலே எழும். குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்கும். இந்த இயற்கை விதியை நம்பியே 1908ஆம் ஆண்டு வெளிவந்த போர்ட் மொடல் டி கார்களிற் பெரும்பாலானவை ஓடின. 1948ஆம் ஆண்டு லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான மொறிஸ் மைனரும் முதலில் அவ்வாறே வந்தது. அதன் 918 கன சென்றிமீற்றர் எஞ்சினில் தொடக்கத்தில் நீர்ப்பம்பு கிடையாது. பம்பு பின்னரே வந்தது. பம்பில்லாத வண்டியில் ஒரு நுட்பம் உண்டு. ரேடியேட்டரின் மேல்தொட்டியில் நீர்மட்டம், எஞ்சினிலிருந்து வரும் மேற்குழாயின் வாய்க்குக் கீழே இறங்கினால், சுற்று முற்றாக அறுந்துவிடும். அங்கே இரண்டு விரற்கடை காற்று நின்றாலே போதும், எஞ்சின் கொதித்துவிடும்.

பம்புள்ள வண்டிக்கு அந்தக் கவலை இல்லையே என்று எண்ணிவிடக் கூடாது. பம்பின் சிறகுகள் நீரைத் தள்ளுவதற்காகவே அமைக்கப்பட்டவை. அங்கே காற்று வந்து சேர்ந்தால், சிறகுகள் நீரைத் தள்ளாமல் மோர் கடைவதுபோலக் கடைந்துகொண்டிருக்கும். ஒரே அளவான நீரும் காற்றும் ஒரே அளவு சூடேறும்போது, நீர் ஏந்திச் செல்லும் வெப்பம் காற்று ஏந்துவதைப் போல ஏறக்குறைய 3,500 மடங்கு. ஆகவே சிலிண்டர்த் தலையின் ஒரு மூலையிலே காற்றுக் குமிழி தங்கிவிட்டால், அந்த இடத்து இரும்புக்கு வெப்பத்தை இறக்கிவைக்க ஆளில்லை. இரும்பு அளவுக்கு மீறிச் சுடுகிறது. அருகிலுள்ள நீர் ஆவியாகிறது. நீர் ஆவியாகும்போது அதன் கனவளவு 1,600 மடங்குக்கு மேல் பெருகும். அந்த ஆவி மேலும் நீரைத் தள்ளி வெளியேற்றும். நீர் வெளியேற வெளியேறக் காற்றுக்கும் ஆவிக்கும் மேலும் இடமாகும். ஒரு சிறு குமிழியிலே தொடங்கிய கேடு இவ்விதம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. முடிவிலே தலை வளையும், அல்லது கேஸ்கட் எரியும், அல்லது இரும்பே வெடிப்புக் காணும்.

இதிலே இன்னுமொரு வஞ்சனை உண்டு. வெப்பமானியின் முனை நீரில் மூழ்கியிருந்தாற்றான் உண்மை சொல்லும். அந்த முனையைச் சுற்றிக் காற்று நின்றால், எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போதும் முள் சாதுவாகத் தாழ்ந்து நிற்கக்கூடும். சாரதி முள்ளை நம்பி மேலும் ஏறுவார்.

மலைநாட்டுக்கென்றே உள்ள ஒரு காரணத்தையும் சொல்ல வேண்டும். கடல்மட்டத்தில் நீர் 100 பாகையிற் கொதிக்கும். ஏறக்குறைய 300 மீற்றர் உயரத்துக்கு ஒரு பாகை வீதம் அந்த எல்லை குறைந்துகொண்டு வரும். எல்லயில் அது ஏறத்தாழ 96 1/2 பாகை, அப்புத்தளையில் 95, நுவரெலியாவில் 94க்கும் சற்றுக் குறைவு. கொழும்பிலே கொதிக்காத எஞ்சின் மலையிலே கொதிப்பதற்கு ஏற்றம் மாத்திரமன்றி, மெலிந்த காற்றும் காரணமாகும். இதற்காகவே ரேடியேட்டருக்கு அழுத்த மூடி போடப்பட்டது. சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தம் தாங்கும் மூடியொன்று நன்றாக இருந்தால், எல்லயிலும் நீர் 109 பாகை வரை கொதியாது. ஆனால் நீர்ப்பாதை முழுவதும் நிரம்பியிருந்தால்தான் இந்தக் காப்பு நமக்குக் கிடைக்கும். 7 இறாத்தல் மூடி இருக்கவேண்டிய பழைய ரேடியேட்டருக்கு, நல்லதுதானே என்று எண்ணி 15 இறாத்தல் மூடியைப் போடுவோரும் உளர். அது கொதிப்பைத் தடுப்பதற்கு முன் ரேடியேட்டரின் ஈயப் பொருத்துகளைப் பிளந்துவிடும்.

இதுவரை கூறியவை நூலறிவு. இனி, இந்தப் பாடத்தை நான் எங்கே கற்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தையார் எல்லக் கணவாய்க்குக் கீழேயுள்ள ஒரு தோட்டத்தில் சாரதியாக இருந்தவர். 1972ஆம் ஆண்டில் தோட்டத்துத் துரை இங்கிலாந்துக்குத் திரும்பியபோது, தாம் ஓட்டிவந்த காரைத் தோட்டத்துக்கே விட்டுச் சென்றார். குளிர்காலத்துக்கு ஏற்றதாக அதில் ஹீட்டரும் பொருத்தப்பட்டிருந்தது. எஞ்சினின் சுடுநீரில் ஒரு பகுதி, காருக்குள்ளே உள்ள சிறு பெட்டி ஒன்றின் வழியாகச் சுற்றிவந்து காரினுள் வெம்மை தரும். அதற்கென்று ஒரு சிறு திருகுகுழாய் எஞ்சின் தலையில் இருக்கும். தந்தையார் அதைத் திறப்பதில்லை. லயத்து மக்கள் கம்பளி போர்த்துக்கொண்டு திரியும் மலையிலே, சாரதிக்கு மட்டும் எதற்கு வெம்மை என்பார்.

1974ஆம் ஆண்டு, மழைக்காலம். காரின் கீழ்க்குழாய் பழுதாகிவிட, அதை ஒரு பட்டறையில் மாற்றிக்கொண்டு வந்தார்கள். பட்டறைக்காரர் நீரை வாய்வரை ஊற்றி மூடியைத் திருகி அனுப்பினார். இரண்டு நாட்கள் தோட்டத்துக்குள் ஓடியது. ஒரு குறையும் தெரியவில்லை. மூன்றாம் நாள் இரவு, லயத்திலே ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை கண்டு, குழந்தை குறுக்கே கிடப்பதாக மருத்துவச்சி கைவிரித்தாள். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். காரில் அந்தப் பெண்ணும் அவளுடைய தாயும் ஏறினார்கள். உதவிக்கு அவளுடைய தம்பி முன்னாசனத்தில் ஏறிக்கொண்டான். பள்ளிப்பையனாக இருந்த நானும், லாந்தர் பிடிக்கவென்று உடன் ஏற்றப்பட்டேன்.

மூடுபனியும் மழையும் சேர்ந்த இரவு. பின்னாசனத்தில் அந்தப் பெண்ணுக்குப் பற்கள் கிட்டும்படி நடுக்கம் எடுத்தது. "அண்ணே, பிள்ளை விறைச்சுப் போகுது" என்று தாய் அழுதாள். தந்தையார் வண்டியை நிறுத்தி இறங்கி, அதுவரை தொடாத ஹீட்டரின் குழாயைத் திறந்துவிட்டு வந்தார். இரக்கத்தாற் செய்த காரியம் அது. ஆனால் பட்டறையில் ஊற்றிய நீர் அந்த ஹீட்டர்ப் பெட்டிக்குள் போகவே இல்லை. குழாய் மூடியிருந்தமையால் அங்கே காற்றே நிறைந்திருந்தது. திறந்தவுடன் பம்பு அந்தக் காற்றை இழுத்துக்கொண்டது. காருக்குள் வெம்மை வரவில்லை. வெப்பமானியின் முள் ஏறி, பின் இறங்கி, மறுபடி ஏறி ஆடிற்று. இரண்டு வளைவுகள் தாண்டியதும் பொனட்டின் இடுக்கெல்லாம் ஆவி.

தந்தையார் எஞ்சினை நிறுத்தி, "தம்பி, மூடியிலே கை வைக்காதே" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். சொல் முடியுமுன் அந்த இளைஞன், அக்காளின் வேதனை பொறாமல், ஒரு துணியைச் சுற்றி மூடியைத் திருகிவிட்டான். அழுத்தத்தில் அடங்கியிருந்த நீர் ஒரே கணத்தில் ஆவியாகிப் பாய்ந்தது. அவனுடைய வலக்கை முழங்கை வரையிலும், மார்பின் ஒரு பகுதியும் வெந்துபோயின. தெய்வாதீனமாகக் கண்கள் தப்பின. முக்கால் மணி நேரம் அந்த இருளில் நின்றோம். பிறகு கீழேயிருந்து வந்த ஒரு லொறி இருவரையும் ஏற்றிச் சென்றது. விடிவதற்குள் அந்தப் பெண்ணுக்குப் பதுளையில் பெண் குழந்தை பிறந்தது, இருவரும் பிழைத்தார்கள். ஆனால் அந்த இளைஞனின் விரல்கள் பின்னர் முழுதாக மடங்கவில்லை. கவ்வாத்துக் கத்தி பிடித்த கை அது.

தந்தையார் யாரையும் ஏசவில்லை. காரைத் தோட்டத்துக்கு இழுத்து வந்தபின் ஒரு காரியம் செய்தார். நீர் முழுவதையும் வடித்துவிட்டு, பட்டறைக்காரர் செய்தவாறே ஹீட்டரை மூடிவைத்து, வெறும் போத்தலால் எண்ணி எண்ணி நீரை ஊற்றி வாய்வரை நிரப்பினார். எண்ணிக்கையைக் கரித்துண்டால் சுவரில் எழுதினார். மறுபடி வடித்தார். இம்முறை ஹீட்டரைத் திறந்து, காரை மேட்டில் முகம் உயர்த்தி நிறுத்தி, பொறுமையாக ஊற்றிக் காற்றை வெளியேற்றினார். ஏறக்குறைய ஒரு போத்தல் நீர் கூடுதலாகச் சென்றது. "பார்த்தாயா, இந்த ஒரு போத்தல் காற்றுத்தான் அந்தப் பையனின் கையைத் தின்றது" என்று என்னிடம் சொன்னார். அந்த அளவை இன்றுவரை நான் மறக்கவில்லை.

நேயர்களே, அவர் செய்துகாட்டிய முறையையும், பின்னர் நான் கற்றவற்றையும் சேர்த்து இனி ஒழுங்காகச் சொல்லுகிறேன்.

முதலாவது, எஞ்சின் முற்றாக ஆறியிருக்க வேண்டும். இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையில் எடுத்துக்கொள்வதே உத்தமம். ரேடியேட்டரின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்தால் மட்டும் போதாது. சிலிண்டர்க் கட்டையின் பக்கத்திலும் ஒரு வடிகுழாய் இருக்கும். அது துருவால் அடைபட்டிருந்தால் ஒரு கம்பியால் குத்தித் திறந்து, அங்கே தங்கிய பழைய நீரையும் சேற்றையும் வடித்துவிட வேண்டும். வடிந்த நீரை ஒரு வாளியில் பிடித்து அளந்துகொள்ளுங்கள். அந்த அளவையும், வண்டியின் கைநூலில் குறித்துள்ள கொள்ளளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குறைவாக இருந்தால், எங்கோ காற்றோ சேறோ இடம்பிடித்திருக்கிறது என்பது அப்போதே தெரியும்.

இரண்டாவது, வண்டியை நிறுத்தும் இடம். காற்று எப்போதும் மிக உயர்ந்த இடத்தை நாடும். ஆகவே, நாம் நீர் ஊற்றும் வாயே யாவற்றிலும் உயர்ந்த இடமாக இருக்கும்படி செய்துவிட்டால், காற்று தானாகவே அங்கு வந்து வெளியேறும். ரேடியேட்டர் முன்புறத்தில் உள்ள வண்டியானால், முகப்பு மேல்நோக்கியிருக்கச் சரிவிலே நிறுத்துங்கள். நமது மலைநாட்டில் சரிவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கை பிரேக்கை மாத்திரம் நம்பாது, பின்சக்கரங்களுக்குக் கல் அடை கொடுத்து நிறுத்துங்கள்.

மூன்றாவது, ஹீட்டர் இருந்தால் அதன் குழாயை முழுதும் திறந்துவிடுங்கள். ஹீட்டர் பெட்டி சில வண்டிகளில் ரேடியேட்டரின் வாயைவிட உயரத்தில் இருக்கும். அவ்வாறானால் அதிலிருந்து திரும்பி வரும் ஹோசைக் கழற்றி உயர்த்திப் பிடித்து, அதன் வழியாகவும் நீரை ஊற்றி, காற்றுக் கலவாத நீர் வந்தபின் மீண்டும் பூட்டவேண்டும்.

நான்காவது, ஊற்றும் விதம். தோட்டத்துப் பீலியில் குடம் நிரப்பியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குடத்தை நேராக அமிழ்த்தினால் குபுகுபுவென்று நீரும் காற்றும் ஒன்றையொன்று மறித்துக்கொள்ளும். சாய்த்துப் பிடித்தால் ஓசையின்றி நிரம்பும். ரேடியேட்டரின் வாயும் அத்தகையதே. நீர் போகும் வழியே காற்று வரும் வழியும் ஆதலின், மெல்லிய தாரையாக, இடையிடையே நிறுத்தி ஊற்ற வேண்டும். ஊற்றும்போதே மேற்குழாயையும் கீழ்க்குழாயையும் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். ஒவ்வொரு அமுக்கலுக்கும் வாயிலே குமிழிகள் எழும், நீர்மட்டம் இறங்கும். குமிழி ஓயும் வரை தொடருங்கள்.

ஐந்தாவது, மூடியைப் போடாமலே எஞ்சினை இயக்குங்கள். இங்கே தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவைப் பற்றி அறிந்திருக்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது மூடியிருக்கும். பெரும்பாலும் 74 பாகைக்கும் 82 பாகைக்கும் இடையே திறக்கும். அது மூடியிருக்கும் வரை அதன் அடியிலுள்ள காற்றுக்கு வெளியேற இயலாது. இதற்காகவே சில தெர்மோஸ்டாட்களில் ஒரு சிறு துளை வைத்திருப்பார்கள். பொருத்தும்போது அந்தத் துளை மேற்பக்கமாக அமையவேண்டும். எஞ்சின் சூடேறியதும் மேற்குழாய் திடீரெனச் சுடும். கதவு திறந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அப்போது ஒரு பெரிய குமிழி எழுந்து நீர்மட்டம் சட்டென இறங்கக்கூடும். உடனே வெதுவெதுப்பான நீரை மெதுவாக ஊற்றி நிரப்புங்கள். இந்நேரத்தில் முகத்தை வாய்க்கு நேரே வைக்காதீர்கள். நீர் மேலெழுந்து பொங்கத் தொடங்கினால் எஞ்சினை நிறுத்தி விலகி நில்லுங்கள்.

ஆறாவது, பொறுமை. புதிதாக ஊற்றிய குளிர்ந்த நீரிலே கரைந்த காற்று நிரம்ப உண்டு. சூடேறும்போது அது பிரிந்து குமிழியாகும். ஆகவே ஒரே நாளில் வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள். மூடியைப் போட்டு, அருகிலேயே சிறிது தூரம் ஓட்டி, ஆறவிட்டு, மறுநாட் காலையில் மட்டத்தைப் பாருங்கள். குறைந்த அளவுக்கு ஊற்றுங்கள். இரண்டு மூன்று நாட்கள் இவ்விதம் செய்தபின் மட்டம் நிலைத்து நிற்கும். வழிநீர்ப் போத்தல் இல்லாத பழைய ரேடியேட்டர்களில் வாய்வரை நிரப்பவும் கூடாது. சூட்டில் நீர் விரிவதற்காக வாய்க்குக் கீழே ஓர் அங்குலம் அளவில் இடம் விடவேண்டும். நிலைத்த மட்டமே நல்ல மட்டம்.

வண்டிக்கு வண்டி அமைப்பு வேறுபடும். 1959ஆம் ஆண்டு வந்த மினி காரில் எஞ்சின் குறுக்கே கிடக்க, ரேடியேட்டர் பக்கவாட்டில் இருக்கும். 1961இல் வந்த ரெனோ 4 காரில், நீர்ப்பாதையை முழுதும் அடைத்து, விரியும் நீருக்குத் தனிக் கலம் வைத்தார்கள். அத்தகைய அமைப்புகளிலே காற்றை வெளியேற்றத் தனித் திருகுகள் இருக்கும். அவற்றைத் தளர்த்தி, குமிழியில்லாத நீர்த் தாரை வந்தபின் இறுக்கவேண்டும். வொக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்போருக்கு இந்தத் தொல்லையே இல்லை. அந்த எஞ்சினைக் காற்றே நேராகக் குளிர்விக்கிறது.

மேலே கூறிய யாவற்றையும் செய்தபின்னும் குமிழி ஓயவில்லையா? அப்படியானால் காற்று புதிதாகப் புகுந்துகொண்டிருக்கிறது என்க. கீழ்க்குழாயின் பட்டி தளர்ந்திருந்தால், அல்லது பம்பின் அடைப்பு தேய்ந்திருந்தால், பம்பின் உறிஞ்சலால் வெளிக்காற்று உள்ளே வரும். எஞ்சினை முடுக்க முடுக்கக் குமிழி பெருகினால், தலைக் கேஸ்கட் விட்டுக்கொடுத்து, எரிந்த வாயு நீருக்குள் புகுகின்றது என்று ஐயுற வேண்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அந்த ஐயம் உறுதியாகும். அங்கே நீர் ஊற்றிப் பயனில்லை, தலையைக் கழற்றவேண்டியதுதான்.

எஞ்சின் சூடேறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது நம்மிடையே ஒரு வழக்கம். அது நோயை விட்டு நாடியை அறுப்பது போன்றது. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின், எல்லயிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும்போது குளிர்ந்தே ஓடும். பெற்றோல் வீணாகும், சிலிண்டர் விரைவில் தேயும். சில எஞ்சின்களில் நீரோட்டத்தின் சமநிலையும் கெட்டு, தலையின் பின்பகுதி சரியாகக் குளிராது. பழுதானால் புதியதைப் போடுவதே முறை.

ஊற்றும் நீரைப் பற்றியும் ஒரு சொல். பீலி நீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் அதில் கரைந்த உப்புகள் உண்டு. அவை எஞ்சினுக்குள் படிந்து ஓடாகும். வடித்த நீரோ, சுத்தமான மழைநீரோ நல்லது. அதனோடு துருத்தடுப்பு மருந்து சேர்ந்த குளிர்நீர்க் கலவையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் நீர் உறைவதில்லையே என்று அதை ஒதுக்குவார்கள். இங்கே நமக்கு வேண்டுவது உறைவைத் தடுக்கும் குணத்தைவிடத் துருவைத் தடுக்கும் குணமே. ஆனால் எச்சரிக்கை: எதிலீன் கிளைக்கோல் கலந்த நீர் இனிப்புச் சுவையுடையது, கொடிய நஞ்சு. வடித்த நீரை வாளியில் திறந்து வைக்காதீர்கள். குழந்தைகளும் நாய்களும் பருகிவிடக்கூடும்.

இறுதியாக, வழியிலே கொதித்துவிட்டால் செய்யவேண்டியது. வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். பொனட்டைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். குறைந்தது அரை மணி, இயலுமானால் அதற்கும் மேலாகக் காத்திருங்கள். மேற்குழாயை அமுக்கிப் பார்த்தால் அது விறைப்பின்றித் தளர்ந்திருக்க வேண்டும். அதன் பின்னரே, தடித்த சாக்கை மூடியின் மேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதற்படி வரை மாத்திரம் மூடியைத் திருகி, எஞ்சிய அழுத்தத்தை வெளியேற விடுங்கள். அருவிநீரைக் கொதிக்கும் எஞ்சினில் ஊற்றாதீர்கள். சூடேறிய வார்ப்பிரும்பு குளிர்நீர் பட்டால் வெடிக்கும். எஞ்சின் ஆறிய பின், சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.

நேயர்களே, மூடியைத் திறந்து வாய்வரை நீர் தெரிவதைக் கண்டதும், எல்லாம் நிரம்பியதென்று நாம் நிம்மதியடைகிறோம். வாயிலே தெரியும் நீர், உள்ளே இருக்கும் நீருக்குச் சாட்சி ஆகாது. அளந்து ஊற்றுபவனுக்கே அது தெரியும். அன்றிரவு பிறந்த அந்தக் குழந்தைக்கு இப்போது ஐம்பது வயது கடந்துவிட்டது. அவளுடைய மாமனாகிய அந்த இளைஞர் முதுமையடைந்து, பதுளையில் மகன் வீட்டில் இருக்கிறார். சென்ற முறை கண்டபோது, மடங்காத விரல்களால் தேநீர்க் கோப்பையை இரு கையாலும் ஏந்திக்கொண்டு, "உங்கள் அப்பா சொன்ன சொல்லை ஒரு கணம் கேட்டிருந்தேனானால்!" என்று சிரித்தார். அந்த ஒரு கணப் பொறுமையையே நானும் உங்களிடம் வேண்டுகிறேன். அடுத்த முறை உங்கள் பழைய காருக்கு நீர் ஊற்றும்போது, ஒரு போத்தலையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணி ஊற்றுங்கள்.